விழ வேண்டியவள் நான்

ஒரே கல்லுக்கு மூன்று பெயர். வானத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போது விண்கல். காற்றுக்குள் நுழைந்து தீப்பிடித்து வரும்போது எரிகல். எரிந்தது போக மிச்சம் தரையில் விழுந்தால் விண்வீழ்கல். கல் ஒன்றுதான். எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் மாறும்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். ஏழாம் வகுப்பில் படித்தது. அந்த வகுப்பில் படித்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. அதற்குக் காரணம் படிப்பு இல்லை. ஆத்திரம்.

எங்கள் ஊர் ஆந்திராவில் நகரிக்குப் பக்கம். வீட்டில் இரண்டு பவர்லூம் தறி. கூலிக்கு நெய்கிற வீடு. நூல் முதலாளியுடையது. நெய்த துணியும் முதலாளியுடையது. வேஸ்ட் நூல் மட்டும் எங்களுடையது. பகலெல்லாம் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்போம். வெளியாள் பார்த்தால் சண்டை என்று நினைப்பார்.

பள்ளிக்கூடம் அரசாங்கத்தினுடையது. தமிழ் மீடியம். சயின்ஸ் சார் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். தெலுங்கு ஆள். தமிழில்தான் பாடம் நடத்துவார். கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் தெலுங்குக்குப் போய்விடுவார். அடிக்க மாட்டார். அதனால் அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

அந்தப் பாடத்தை அவர் முதலில் எல்லாரையும் போலத்தான் நடத்தினார். போர்டில் மூன்று பெயரைத் தமிழில் எழுதினார். பக்கத்தில் இங்கிலீஷ் பெயர். மீட்டியராய்டு, மீட்டியர், மீட்டியரைட்டு. எங்கள் வாயில் மூன்றும் ஒரே மாதிரிதான் வந்தது. மறுநாள் கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து, "மூணும் அண்ணன் தம்பி சார்," என்றான்.

சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"அண்ணன் தம்பி இல்லப்பா. மூணு பேரே இல்ல. ஒரே ஆளு," என்றார். எல்லாரையும் எழுந்து வராண்டாவுக்குப் போகச் சொன்னார்.

வராண்டாதான் வானம். வகுப்பு வாசல்படியில் காற்று தொடங்குகிறது. உள்ளே சிமெண்டுத் தரை பூமி. வராண்டாவில் இருக்கும்வரை சத்தம் போடக் கூடாது. அங்கே காற்று கிடையாது, காற்று இல்லாவிட்டால் சத்தமும் இல்லை நெருப்பும் இல்லை. வாசல்படி தாண்டியதும் கத்திக்கொண்டு ஓடி வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் மூன்றாவது பெஞ்சுக்கு வருவதற்குள் எரிந்து தீர்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். யாரோ ஒருத்தர்தான் போர்டு வரைக்கும் வந்து விழலாம். விழுந்த பிறகுதான் மூன்றாவது பெயர்.

வராண்டாவிலேயே ஒருவன், "நான் விண்வீழ்கல் சார்," என்றான்.

"இன்னும் விழவே இல்ல, அதுக்குள்ள பேர் வெச்சுக்கினியா? தள்ளி நில்லு."

இன்னொருவன் வாசல்படியைத் தாண்டி, கையைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தான்.

"ஏம்ரா, சாமி கும்பிட வந்தியா? நெருப்புடா நீ," என்றார் சார். அதில் 'நெருப்பு' மட்டும்தான் தமிழில் சொன்னார்.

என் முறை வந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. வாசல்படி தாண்டியதும் விட்டேன். பக்கத்து வகுப்பு டீச்சர் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடி வந்துவிட்டார். நான் ஓடி வந்து போர்டுக்குக் கீழே குப்புற விழுந்தேன். தரைப்புழுதி எழும்பியது. முழங்கை தேய்ந்தது. எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தேன். கல் எழுந்திருக்காது இல்லையா?

சார் கைதட்டினார். "இது கல்லு. இதுதான்டா கல்லு," என்றார்.

அதற்கு முன்னால் என்னைப் பார்த்து யாரும் கைதட்டியதில்லை. அதற்குப் பின்னாலும் இல்லை.

அந்த வாரமே சார் ஒரு விஷயம் சொன்னார். சித்தூரில் பள்ளிக்கூடங்களுக்கு சயின்ஸ் போட்டி. மற்றப் பள்ளிக்கூடங்கள் தெர்மாகோலில் எரிமலை செய்து கொண்டுவரும். நாம் இந்தப் பாடத்தையே நடித்துக் காட்டலாம். சித்தூரில் ஜெயித்தால் அடுத்தது திருப்பதி. திருப்பதிக்கு நான் அதற்கு முன்னால் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் மொட்டை அடிக்க. வேறு வேலையாக அங்கே போகலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து பேர் நடுவழியில் எரிந்து போகிற கல். ஒருத்தர் விழுகிற கல். விழுகிற கல் நான். விழுந்த பிறகு, இது என்ன கல் என்கிற கேள்விக்கு மூன்று பெயரையும் பதிலாகச் சொல்வதும் அந்தக் கல்தான்.

சார் தன் வீட்டுப் போர்வை ஒன்றைக் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்து வந்தார். அதில் ஆணியால் ஓட்டை ஓட்டையாகப் போட்டிருந்தார். கயிற்றில் தொங்கவிட்டுப் பின்னால் டார்ச் அடித்தால் நட்சத்திரம். அதுதான் வானம். அதை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால் காற்று. கையில் கட்டிக்கொள்ள நெருப்பு வேண்டும் என்றார். நான் வீட்டிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக வேஸ்ட் நூல் கொண்டுபோனேன். ஓடும்போது பறந்தது. நெருப்பு மாதிரிதான் இருந்தது.

விழுந்த பிறகு காட்டுவதற்குக் கனமான கறுப்புக் கல் ஒன்று வேண்டும் என்றார். அதுவும் எங்கள் வீட்டில் இருந்தது.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் தளராமல் இழுத்துப் பிடித்து நிற்க, பின்பக்கம் கயிற்றில் கனம் தொங்க வேண்டும். மற்ற வீடுகளில் இரும்புக் குண்டு தொங்கும். எங்கள் பழைய தறியில் ஒரு கறுப்புக் கல் தொங்கியது. தேங்காய் அளவுதான். இரண்டு கையால் தூக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று அப்பாவை, எங்கள் பேச்சில் நைனாவை, கேட்டேன். "தறியோட வந்தது," என்றார். தறி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "இன்னொருத்தன் கிட்டேர்ந்து வந்தது," என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

கரண்ட் தினமும் மூன்று நான்கு மணி நேரம் போகும். தறி நிற்கும். அந்த நேரத்தில் கல்லை அவிழ்த்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். சார் காந்தத்தைக் காட்டினார். ஒட்டியது. வகுப்பே ஹோவென்றது.

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். பட்டறையில உருகின இரும்பு கூடத்தான் ஒட்டும். சோதிச்சிப் பாக்காம சொல்லக் கூடாது. சரேனா?" என்றார் சார்.

சரி என்று தலையாட்டினோம். பிறகு ஊரெல்லாம் போய் எங்கள் வீட்டில் வானத்துக் கல் இருக்கிறது என்று சொன்னோம்.

இரண்டு வாரம் பழகினோம். தினமும் பத்துத் தடவை விழுந்தேன். வீட்டிலும் விழுந்து பார்த்தேன். அம்மா தினமும் பாவாடையைத் துவைத்தாள். தினமும் திட்டினாள்.

"இது அஞ்சாங்கிளாஸ்ல தெச்சது. மடிப்பு பிரிச்சி வுட்டு வுட்டு ஓடிக்கினு கீது. இன்னும் எத்தினி தபா வுழுவ?"

"சித்தூர்ல வுழுந்தா அப்பால திருப்பதிலதாம்மா," என்றேன்.

அந்த வருஷத்து யூனிபார்ம் துணி பள்ளிக்கூடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. வரும் வரும் என்றார்கள். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

போட்டிக்கு நான்கு நாள் இருந்தது. காலையில் சார் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ எரியறதுல இரு. கடைசிக் கல்லு இந்தப் பாப்பா."

இந்தப் பாப்பா என்றால் பள்ளிக்கூடக் கமிட்டி சேர்மனின் மகள். எரிகிற ஐந்து பேரில் ஒருத்தி. மாடி வீடு. நாங்கள் எல்லாம் யூனிபார்ம் பாவாடை சட்டையில் வருவோம், அவள் மட்டும் அதே கலரில் டெய்லரிடம் தைத்த சுடிதாரில் வருவாள். யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல பெண்தான். ஆனால் அவள் கத்தினால் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது. விழச் சொன்னால் முதலில் உட்காருவாள், அப்புறம் படுப்பாள். கல் அப்படியா விழும்?

"ஏன் சார்?" என்றேன்.

"ஏன்னா ஏன்? சொன்னா கேக்கணும்," என்றார். அந்த மாதிரி அவர் பேசியதே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கல்ல மட்டும் மறக்காம எடுத்துக்கினு வா," என்றார்.

கல் வேண்டும். நெருப்புக்கு நூல் வேண்டும். நான் வேண்டாம். இதுதான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூல் ஏற்றுகிற வேலை. தலையை நிமிர்த்தவில்லை.

"எரிஞ்சா இன்னா, வுழுந்தா இன்னா? சித்தூரு போறல்ல? போ."

"விழ வேண்டியவ நான்தாம்மா."

"போன்னு சொன்னன்ல?"

நைனா தறியிலிருந்து கத்தினார். "சேர்மன் பொண்ணுன்னா அப்பிடித்தான் இருக்கும். நம்மளுது எவன் கேப்பான்?"

அது போதும் எனக்கு. சார் சேர்மனுக்கு பயந்தவர் என்று முடிவு செய்தேன். பாடத்தில் காற்று, நெருப்பு என்று நியாயமாகப் பேசுகிற ஆள், மாடி வீட்டுக்காரர் கண்ணைக் காட்டினால் கல்லையே மாற்றிவிடுகிறார். கல்லைக் கொண்டுபோகப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். நாள் முழுக்கத் தறி எப்படி நிற்கும் என்று ஒரு காரணமும் சொன்னேன்.

போட்டி அன்று காலையில் எழுந்தால் கல் தறியில் இல்லை. அந்தக் கயிற்றில் அம்மிக் குழவி தொங்கிக்கொண்டிருந்தது. கல் கழுவித் துடைத்து, துண்டில் சுற்றி, என் பைக்குள் இருந்தது. அன்றைக்கு இட்லிக்குச் சட்னி இல்லை. வெறும் பொடி.

"எடுத்துக்கினு போ," என்றாள் அம்மா.

என்னை ஒதுக்கினவர்களுக்கு என் அம்மாவே ஒத்தாசை செய்கிறாள். எனக்கு அவள் மேலும் ஆத்திரம். பொடியைத் தொடாமல் இட்லியை மட்டும் தின்றேன்.

புத்தூரில் இறங்கிச் சித்தூர் பஸ் ஏறினோம். சாரும் ஆறு பிள்ளைகளும். உட்கார இடமில்லை. கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். சார் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. கண்டக்டர் அது என்ன என்று கேட்டார். சேர்மன் மகள் மெதுவாக, "விண்வீழ்கல்," என்றாள்.

"அது இன்னும் தெரியாது," என்றேன்.

சித்தூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்து ஹால். நூறு நூற்றைம்பது பிள்ளைகள் இருப்பார்கள். முன்வரிசையில் மூன்று பேர் மார்க் போட உட்கார்ந்திருந்தார்கள். எங்கே பார்த்தாலும் தெர்மாகோல். ஒரு எரிமலை சோப்பு நுரையாகக் கக்கிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்ததும் சார் மேடையில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டார். பின்னால் டார்ச். ஓட்டைகள் மின்னியது. ஹாலில் பேச்சு அடங்கியது.

மேடைத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். எரிகிற கற்கள் அந்தக் கோட்டோடு நின்று, உட்கார்ந்து, போர்வைக்குப் பின்னால் போய்விட வேண்டும். சார் ஓரமாக நின்று தெலுங்கில் விளக்கம் சொன்னார். முதல் பையன் போனான், எரிந்தான், உட்கார்ந்தான். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது நான். எனக்குப் பின்னால் சேர்மன் மகள், என் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு.

கிளம்புவதற்கு முன்னால் அவளைப் பார்த்தேன். கனம் தாங்காமல் கல்லை இடுப்பில் வைத்திருந்தாள், தண்ணீர்க் குடம் மாதிரி.

போர்வையை விலக்கிக்கொண்டு வந்தேன். கத்தினேன். ஹால் அதிர்ந்தது. நூல் பறந்தது. கோடு வந்தது. நான் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி மேடை முனைக்கு இரண்டடி முன்னால் வரைக்கும் ஓடி, அந்த இரண்டு வாரத்தில் ஒருநாளும் விழாத மாதிரி விழுந்தேன். சர் என்று ஒரு சத்தம் கேட்டது. கயிற்றில் போர்வை கிழிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் முன்னாலிருந்து சிரிப்பு வந்தது. முதலில் ஒருவர், அப்புறம் நாலைந்து பேர். விழக் கூடாதவள் விழுந்துவிட்டாள் என்று சிரிக்கிறார்கள், இருக்கட்டும். பதில் சொல்லிவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். தலையைத் தூக்கி, "வானத்துல இருக்கும்போது விண்கல்..." என்று தொடங்கினேன்.

மேலே இருட்டு விழுந்தது. சார் கயிற்றிலிருந்து போர்வையைப் பிடுங்கி என் மேல் போட்டுவிட்டார்.

செத்த பிணத்தை மூடுவது மாதிரி மூடினார். வாயையும் சேர்த்து. நான் உள்ளே இருந்து மிச்ச இரண்டு பெயரையும் கத்தினேன். துணிக்குள் கத்தினது யாருக்குக் கேட்கும்? கையை உதறினேன். சார் விடவில்லை. போர்வையின் ஓட்டை வழியாக அவருடைய சட்டைப் பட்டன் தெரிந்தது. முகம் தெரியவில்லை. அப்படியே சுருட்டித் தூக்கி நிறுத்தி, தள்ளிக்கொண்டு போனார். வழியில் நான் கடித்தேன். அவர் கையோ போர்வையோ, தெரியாது.

வானம் இல்லாத மேடைக்கு சேர்மன் மகள் வந்தாள். விழவில்லை. கல்லை மேஜை மேல் வைத்தாள். முன்வரிசையில் மார்க் போடுகிற அம்மா ஒருவர் ஏதோ கேட்டார். இவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறையும் கேட்கவில்லை. பரிசு எரிமலைக்குப் போனது.

திரும்பி வரும்போது போர்வையைக் கழற்றப் போனேன்.

"கழட்டாத. வீட்டுக்குப் போற வரைக்கும் இடுப்புல சுத்திக்கினே இருக்கணும்," என்றார் சார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் கறுப்புப் போர்வை. தண்டனை என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பார்த்தார்கள். சேர்மன் மகள் என் முதுகை ஒட்டியே நடந்தாள். நான் வேகமாகப் போனால் அவளும் வேகமாக வந்தாள். நின்றால் நின்றாள். கேலி செய்கிறாள் என்று ஒருமுறை முழங்கையால் இடித்தேன். அப்போதும் நகரவில்லை. பஸ்ஸில் ஒரு பாட்டியம்மா, "பாப்பாவுக்கு ஜுரமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா," என்றார் சார்.

பாடத்தில் சோதிக்காமல் ஒன்றும் சொல்லக் கூடாது என்றவர், வாய் கூசாமல் பொய் சொன்னார்.

வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அம்மா வெளியே வந்தாள். போர்வையைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். சார் தலையைக் குனிந்துகொண்டு கல்லை அவள் கையில் கொடுத்து, "ஒண்ணுமில்லம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போர்வையைக் கேட்கவில்லை.

உள்ளே போய்ப் போர்வையைக் கழற்றினால் பாவாடை பின்னால் மேலிருந்து கீழ் வரைக்கும் கிழிந்திருந்தது. "சார்தான் இழுத்துக் கிழிச்சிட்டாரு," என்றேன். அப்படித்தான் நிஜமாகவே நினைத்தேன்.

அம்மா ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

"அந்தச் சாரப் பத்தி இன்னொரு வார்த்தை பேசுன, வாயில சூடு வெச்சிருவேன்."

குழவியை அவிழ்த்துக் கல்லை மாட்டினாள். தறி ஓடியது. அதற்கப்புறம் யார் என்ன பேசினாலும் கேட்காது.

வகுப்பில் எல்லாரும், "உன்னாலதான் திருப்பதி போச்சு," என்றார்கள். நான் சார் வகுப்பில் வாயைத் திறப்பதை நிறுத்தினேன். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன். பதில் தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளில் அவர் என்னைக் கேட்பதை விட்டுவிட்டார். அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. குப்பம் பக்கம் என்றார்கள். கடைசி நாள் வாசலில் நின்று எல்லாருக்கும் பேனா கொடுத்தார். நான் வாங்காமல் தாண்டிப் போனேன். அவர் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அதைப் பார்க்க எனக்கு அன்று நன்றாக இருந்தது.

எட்டாம் வகுப்போடு நான் நின்றேன். இந்த விஷயத்தால் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். தறிக்கு ஆள் வேண்டியிருந்தது, நின்றேன்.

பன்னிரண்டு வருஷம் போனது. போன மாம்பழ சீசனில் தறிக்குப் பாவு வரவில்லை. சித்தூரில் மாம்பழக் கூழ் பேக்டரிக்குப் பழம் நறுக்கப் போனேன். அங்கே ஆபீசில் சேர்மன் மகள் வேலை பார்க்கிறாள். அவளே வந்து கையைப் பிடித்தாள். மத்தியானம் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குரல் இன்னும் அதே குரல்தான். காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

"இன்னும் எம்மேல கோவமாடி?"

"உம்மேல இல்ல. சார் மேல."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அடிப்பாவி. உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"இன்னாது?"

"உங்கம்மா ஸ்கூலுக்கு வந்தது."

சார் கல்லை மாற்றினதற்கு முந்தின நாள், சாக்பீஸ் டப்பா எடுக்க அவள் சார் ரூமுக்குப் போயிருக்கிறாள். அம்மா வாசலில் நின்று சாரிடம் பேசிக்கொண்டிருந்தாளாம். எம்பொண்ணுக்கு இருக்கிறது ஒரே பாவாடை சார், நைந்து நூலா கீது, நாலு பேர் எதிரில் விழுந்தால் தாங்காது, விழுகிற வேஷம் வேண்டாம் என்று. புதுப் பாவாடை நான் வாங்கித் தருகிறேன் என்றாராம் சார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சார் வாங்கித் தந்தால் ஊர் வேறு மாதிரி பேசும். எம்பொண்ணிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் துணி கேட்டு அழுவாள், வாங்க என்னிடம் காசு இல்லை என்றாளாம். சார் சரி என்றாராம்.

"எங்கப்பாவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. எனக்கு சுடிதார் இருந்துச்சி, அதான் நானு," என்றாள். "நீ வுழுந்தப்போ பின்னால அத்தினியும் போயிடிச்சி. முன்னால இருந்தவங்க பாத்துட்டாங்க. சார் மட்டும் அந்தப் போர்வைய எடுக்கல, ஹாலு மொத்தமும் பாத்திருக்கும். பஸ் ஸ்டாண்டுல அது காத்துல தூக்கிக்கினே இருந்துச்சி. நான் எதுக்கு உன் முதுகையே ஒட்டிக்கினு வந்தேன்னு நெனச்ச? நல்லா இடிச்சடி நீ."

நான் டிபன் டப்பாவை மூடிவிட்டேன்.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? தறியில ஓடுற பாவ அறுத்துத் துணி எடுத்திருப்பியா?"

பன்னிரண்டு வருஷம் ஒரு மனுஷனைத் தப்பாகத் திட்டியிருக்கிறேன். அதற்கு வெட்கம் வர வேண்டும். வந்தது. ஆனால் ஆத்திரம் போகவில்லை. அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டுத் தறியில் ஓடின துணி எங்கள் தெரு முழுக்கப் பாவாடை தைக்கப் போதும். அதில் ஒரு முழம் எங்களுடையது இல்லை. நாள் முழுக்கத் துணி நெய்கிற வீட்டில், நெய்கிறவள் பெண்ணுக்கு உடுத்த இன்னொரு பாவாடை இல்லை. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டது நாங்கள். வெட்கப்பட வேண்டியவர் வேறு யாரோ. யார் என்று விரல் நீட்டிச் சொல்லத் தெரியவில்லை. சார் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை சுலபமாக இருந்தது.

கல் இன்னும் தறியில்தான் தொங்குகிறது. வானத்திலிருந்து வந்ததா, பட்டறையிலிருந்து வந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. கனமாக இருக்கிறது, தறிக்கு அது போதும்.

சார் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இப்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அந்தப் போர்வைக்குள் இருந்த நேரம்தான். உள்ளே இருட்டு. ஓட்டைகள் வழியாக வெளிச்சம். அந்த ஓட்டையில் சாரின் சட்டைப் பட்டன் தெரிந்தது என்று சொன்னேன். நான் சபையைப் பார்த்துக் கிடந்தேன். எனக்கு முன்னால் நின்றவரின் சட்டைப் பட்டன் எனக்குத் தெரிந்தது என்றால், அவர் மார்க் போடுகிறவர்களுக்கும் அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்து ஓட்டைகளில் அவருடைய இரண்டு கையும் தெரிந்தன, போர்வையைப் பிடித்து விரித்தபடி.

அவர் ஏன் அப்படி நின்றார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. என் பதிலை யாருக்கும் கேட்காமல் செய்கிறார் என்று கத்திக்கொண்டிருந்தேன்.